பிடித்துக் கொடுத்துவிடுவேன்

என் மகளுக்கு அப்போது இரண்டேகால் வயது. ஒரு வாய்ச் சோற்றை வாங்கிக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அரை மணி நேரம் விழுங்காமல் உட்கார்ந்திருப்பாள். அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அரிசிம்பருப்புச் சோற்றைக் குழைய வேகவைத்து, நெய் விட்டு, சின்ன வெங்காயம்கூட நாக்கில் தட்டுப்படாமல் மசித்துக் கொண்டுபோனாலும் முதல் வாய் அவள் கன்னத்தில், இரண்டாம் வாய் என் நைட்டியில். எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. ஒருநாள் கிண்ணத்தை வீசியதில் அது சிங்க்கின் விளிம்பில் பட்டு நசுங்கிப்போனது. இன்னொரு நாள் அவள் இரண்டு கன்னத்தையும் விரலால் அழுத்தி, திறந்த வாயில் சோற்றைத் திணித்தேன். விரல் தடம் மாலை வரை சிவந்திருந்தது. கேட்டவர்களிடம் கொசுக்கடி என்று சொல்லிவிட்டேன்.

போனைக் கையில் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கிண்ணம் காலியாகியிருக்கும். போத்தனூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மற்ற பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் சாப்பிட்டன. ஆனால் நான் கர்ப்பமாக இருந்தபோதே ஊருக்கெல்லாம் சொல்லி வைத்துவிட்டேன், எங்கள் வீட்டில் சோறூட்டும்போது போன் கிடையாது என்று. சாயங்காலம் பிள்ளைகளைக் கீழே விளையாட விடும்போது மற்ற அம்மாக்கள் கேட்பார்கள்.

"எப்புடீங்க உங்க பாப்பா மட்டும் போனில்லாம சாப்புடுது?"

"பொறுமையா கதை சொல்லி ஊட்டோணுமுங்க. நாம அவசரப்பட்டா ஆகாது."

அவர்கள் முகம் வாடிப்போகும். அதைப் பார்ப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஊருக்குத்தான் உபதேசம்.

நான் சொன்ன கதை என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கதையில் ஒரே ஒருவர்தான் இருந்தார். எங்கள் கீரைக்காரர்.

அறுபது வயதிருக்கும் அவருக்கு. செட்டிபாளையம் பக்கமிருந்து தினமும் காலை எட்டரை மணிக்கு மொபட்டில் வருவார். பின்னால் கீரைக்கட்டுகளை அடுக்கி, வாடாமலிருக்க நனைத்த சாக்கைப் போர்த்தியிருப்பார். முன்னால் ஒரு சின்ன ஒலிபெருக்கி. அவருடைய குரலையே பதிவு செய்து வைத்திருந்தார். "அரக்கீர, சிறுகீர, பொன்னாங்கண்ணி" என்று அது திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். வெளியாட்கள் உள்ளே வண்டி கொண்டுவர எங்கள் குடியிருப்போர் சங்கம் விடுவதில்லை. இவருக்கு மட்டும் கேட்டுக்குள் நிழலில் நிறுத்திக்கொள்ள அனுமதி இருந்தது. எண்பது வீட்டுக்கும் ஒரே இடத்தில் வியாபாரம் முடிந்துவிடுவதால், எங்களை விட்டால் அவருக்குப் பெரிய பிழைப்பு வேறில்லை. இதை அவரே ஒருமுறை சொன்னார். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் அது.

நான் கேட்காமலே மகளுக்கென்று இளசாக ஒரு அரைக்கீரைக் கட்டைத் தனியாக எடுத்து வைத்திருப்பார். "இது கண்ணுக்குங்க அம்மணி. தண்டே இருக்காது, மத்துல ரண்டு சுத்துச் சுத்துனாப் போதும்." மகள் என் இடுப்பிலிருந்து குனிந்து அவருடைய ஒலிபெருக்கியைத் தட்டுவாள். அவர் அதை அணைப்பார், போடுவார், அணைப்பார். அவள் சிரிப்பாள். முதல் பிறந்தநாள் வரும் முன்பே தொடங்கிய பழக்கம் இது.

அந்தப் பழக்கத்தை நான்தான் முடித்துவைத்தேன். ஒரு காலை, சோறு கன்னத்தில் ஊறிக்கொண்டிருக்க, கீழே அந்தக் குரல் கேட்டது. எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கேட்டுச்சா? வந்துட்டாரு. முழுங்காத பாப்பாவையெல்லாம் அந்தச் சாக்குக்குள்ள போட்டுக் கொண்டு போயிருவாரு. முழுங்கறயா, புடிச்சுக் குடுத்துடட்டுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். விழுங்கினாள். அடுத்த வாய்க்குக் கேட்காமலே வாயைத் திறந்தாள். சாப்பாடு எட்டு நிமிடத்தில் முடிந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு எட்டரைக்கு நகர்ந்துவிட்டது. களி, சந்தகை, கீரை கடைந்த சோறு, எதுவானாலும் ஒலிபெருக்கி கேட்டதும் தொடங்கும். அவர் பறித்து வந்த கீரையை அவரைக் காட்டியே பயமுறுத்தி ஊட்டினேன். அதில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. பூச்சாண்டி சொல்லாமல் வளர்ந்த பிள்ளை இந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பூச்சாண்டிக்கு வீடு வாசல் கிடையாது, பிழைப்புக் கிடையாது என்பது மட்டும் மறந்துபோனது.

ஒரு வாரம் கழித்து அவரே கேட்டார். "ஏனுங்க அம்மணி, கண்ணு இப்பெல்லாம் என்னயப் பாத்தா மூஞ்சிய மறைச்சுக்குதுங்களே?"

"பல்லு மொளைக்குதுங்க. எல்லாருகிட்டயும் அப்படித்தான் பண்றா."

"பாவங்க. வசம்பு ஒரசித் தேச்சு உடுங்க" என்றார்.

இரண்டு மாதத்தில் மிரட்டல் நீர்த்துப்போனது. சாக்கு தன்னைத் தேடி மேலே வருவதில்லை என்று மகள் கண்டுகொண்டாள். மறுபடி கன்னம் உப்பத் தொடங்கியது. அதே வாரம் கீழே இன்னொரு அம்மா தன் பையனும் போனை விட்டுவிட்டதாகப் பெருமையடித்தாள். எனக்கு வயிற்றெரிச்சல். மறுநாள் காலை நான் மட்டும் கீழே இறங்கிப்போய்க் கீரைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். நான் முதல் மாடி பால்கனியில் சாப்பாட்டோடு நிற்பேன், கையைக் காட்டியதும் அவர் சாக்கைத் தூக்கி ஒரு உதறு உதறி மிரட்டினால் போதும்.

அவர் முகம் மாறிவிட்டது. "வேண்டாமுங்க அம்மணி. புள்ள என்னயக் கண்டாச் சிரிக்கோணுமுங்க. அழுவக் கூடாதுங்க."

"ஒரு தடவதானுங்க. நாளு முச்சூடும் பட்டினி கெடக்கறா. உங்களக் கேக்காம வேற யாரக் கேக்கறதுங்க?"

அவள் பட்டினியெல்லாம் கிடக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி வாங்கிக்கொடுத்த இரண்டு தேங்காய் பன் தின்றிருந்தாள். ஆனால் தினமும் கீரை வாங்கும் வீட்டுப் பெண் இப்படிக் கேட்டால் மறுத்துப் பேச அந்த மனிதரால் முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

"செரிங்க" என்றார்.

மேலே வந்து மகளை பால்கனிக் கம்பியோரம் உட்காரவைத்து, முதல் வாய் ஊட்டிவிட்டுக் கையைக் காட்டினேன். அவர் கீரையின் மேலிருந்த சாக்கை உருவி, தலைக்கு மேலே தூக்கி உதறி, எங்கள் பக்கம் இரண்டு எட்டு எடுத்து வைத்து, "சாப்புடலீன்னா இதுக்குள்ள போட்டுக்குவேன்!" என்று கத்தினார். மனிதருக்கு நடிக்கத் தெரியவில்லை. குரல் நடுங்கியது. மகளுக்கு அதெல்லாம் தெரியுமா? அவள் போட்ட அலறலில் எதிர் வரிசை ஜன்னல்கள் திறந்தன. உட்கார்ந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டாள். அவளைத் துடைத்து, ஜட்டி மாற்றி, விக்கலோடு கிண்ணம் முழுவதையும் ஊட்டி முடித்தேன். காலிக் கிண்ணத்தைப் படம் எடுத்து அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். நாலைந்து கைதட்டல்கள் வந்தன.

சாயங்காலத்துக்குள் குடியிருப்பின் பெரிய குழுவில் ஒரு வீடியோ வந்தது. கேட்டில் இருக்கும் கேமராவில் பதிவானது. சத்தம் கிடையாது. ஒரு ஆள் சாக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கமாகப் பாய்கிறான். அவ்வளவுதான். என் பால்கனி அதில் விழவில்லை. 'குழந்தையை மிரட்டுகிறான்', 'இது முதல் தடவையா என்று யாருக்குத் தெரியும்', 'அந்தப் பாப்பா கொஞ்ச நாளாகவே இவனைக் கண்டால் நடுங்குகிறது, நானே பார்த்தேன்' என்று வரிசையாக வந்தன. கடைசியாக எழுதியது அந்தப் பன் வாங்கிக்கொடுத்த பக்கத்து வீட்டுக்காரி. நான் ஒன்றும் எழுதவில்லை. என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, "நல்ல மனுசனாச்சே, என்னாச்சு?" என்று கேட்டார்.

"யாரு கண்டா" என்றேன்.

மறுநாள் காலை கீரைக்காரரை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். சங்கச் செயலாளர், காவலாளி, இன்னும் பத்துப் பேர். பிள்ளையின் அம்மா என்று என்னையும் கூப்பிட்டார்கள். அவர் மொபட்டை அணைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். ஒலிபெருக்கி தன் பாட்டுக்கு அரக்கீர, சிறுகீர என்று சொல்லிக்கொண்டிருந்தது. செயலாளர் அவரிடம், "யாரக் கேட்டுய்யா இப்படிப் பண்ணுன?" என்றார். அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிடுவேன் என்று நம்பித்தான் பார்த்தார்.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "நீங்க எதாச்சும் சொன்னீங்களாங்க?"

சுற்றிலும் அந்த அம்மாக்கள். கதை சொல்லி ஊட்டுபவள் என்று என்னை நம்பிக்கொண்டிருந்த அத்தனை பேர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். எனக்கு ஒரே ஒரு சொல்தான் தேவைப்பட்டது.

"இல்லீங்க."

அவர் ஒலிபெருக்கியை அணைத்தார். "அம்மணி சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றார். மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மற்றவர்கள் என்னைத் தோளில் தட்டித் தேற்றினார்கள். பக்கத்து வீட்டுக்காரி மகளுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

அதன் பிறகு எட்டரை மணிக்குச் சத்தமில்லை. மூன்று வாரம் போயிருக்கும். மகளைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையம் போகும் சாலையில் பேக்கரிக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் மொபட்டை நிறுத்தியிருந்தார். உச்சிவெயில் ஏறியும் கட்டுகள் பாதிக்கு மேல் அப்படியே இருந்தன. மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று பக்கத்தில் போனேன். உண்மையில், மன்னித்துவிட்டேன் என்று அவர் சொன்னால் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும், அதற்குத்தான் போனேன்.

நான் வாயெடுக்கும் முன் மகள் சாக்கைப் பார்த்துவிட்டாள். அன்று போட்ட அதே அலறல். என் கழுத்தை இறுக்கிக்கொண்டு கால்களை உதைத்தாள். பேக்கரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு திரும்பி முதலில் பிள்ளையையும் பிறகு அவரையும் பார்த்தார்கள். அவர் சட்டென்று சாக்கை உருவிச் சுருட்டி வண்டிக்கு அடியில் தள்ளினார். கீரை வெயிலில் கிடந்தது.

"நான் வேணும்னு சொல்லலீங்க..." என்று தொடங்கினேன்.

"போயிருங்க அம்மணி" என்றார், குரலை உயர்த்தாமல். "இங்கயும் பொழப்பக் கெடுத்துப்போடாதீங்க."

போய்விட்டேன். வழியில் சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் டப்பாவில் ஆய்ந்து வைத்த அரைக்கீரை கிடைத்தது. வீட்டுக்கு வந்து பருப்போடு வேகவைத்துக் கடைந்து, சோற்றில் பிசைந்து, நசுங்கிய அதே கிண்ணத்தில் போட்டு எடுத்து வந்தேன். இனிமேல் மிரட்டக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். போனையே கொடுத்துவிடுவது, யார் என்ன சொன்னாலும் சரி என்று போனை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். நல்லவளாகிவிட்டதாக ஒரு நினைப்பு.

அவள் போனைத் தொடவில்லை. நான் உருண்டையை எடுக்கும் முன்பே வாயை அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டாள். மெல்லாமல் விழுங்கினாள், உடனே மறுபடி திறந்தாள். கண் வாசல் பக்கம் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் என்னையே பார்த்தாள். பாதிக் கிண்ணத்தில் என் நைட்டியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நா சாப்புடறேன். என்னயக் குடுத்துடாதம்மா."

அவர் ஒருநாளும் அவளைப் பிடிக்க வரவில்லை. கொடுத்துவிடுவேன் என்று தினமும் சொன்னது நான்தான். அவள் ஆரம்பத்திலிருந்தே பயந்தது யாரைப் பார்த்து என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கிண்ணத்தில் இன்னும் நாலு வாய் இருந்தது. அதையும் ஊட்டி முடித்தேன்.