நாக்பூர் பார்சல்

தொண்ணூறுகளின் நடுவில், கல்லிடைக்குறிச்சியில் நானும் என் கணவரும் தபாலில் அப்பளம் விற்றோம். வாரப் பத்திரிகையில் சின்ன விளம்பரம். மணியார்டர் வந்ததும் அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, கட்டுகளை அடுக்கி, காடாத் துணி சுற்றித் தைத்து அரக்கு வைப்பது என் வேலை. தபால் கட்டணம் அரைக் கிலோக் கணக்கு. பத்து கிராம் கூடினாலும் அடுத்த அரைக் கிலோவுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். அதனால் வைக்கோலைக்கூட நிறுத்துத்தான் போடுவேன்.

நாக்பூரிலிருந்து ஒரு பெண் இரண்டு கிலோ கேட்டிருந்தாள். அனுப்பிய பெட்டி மூன்றாம் வாரம் திரும்பி வந்தது. தபால்காரர் வாசலில் இறக்கிவிட்டுச் சொன்னார்: "என்னக்கா, போனப்ப ரெண்டரைக் கிலோ. வரும்போது மூணரைல்லா இருக்கு."

மேல்துணி புதிது. தையலும் என்னுடையதில்லை. பிரித்தேன். மேலே நொறுங்கிய அப்பளம். அடியில் ஒரு பழைய புடவைத் துண்டில் நகைகளும் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ்களும். கூடவே ஒரு தாள்.

"அக்கா, நான் உங்க பக்கத்து ஊர் சேரன்மகாதேவிக்காரிதான். அம்மா வீட்டுக்கு எது அனுப்பினாலும் என் வீட்டுக்காரர் பிரித்துப் பார்த்துவிடுவார். இதை வைத்திருங்கள், வருவேன். பதில் எழுதிவிடாதீர்கள்."

"நமக்கு என்னத்துக்கு இந்தப் பொல்லாப்பு?" என்றார் கணவர். ஆனால் உளுந்து மூட்டைக்கு அடியில் அதை மறைத்தவரும் அவர்தான்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் ஒருவர் வந்தார். வெளுத்த சட்டை, மெதுவான குரல். நாக்பூரிலிருந்து வருவதாகச் சொன்னார்.

"என் வீட்டுக்காரி உங்களுக்கு ஒரு பார்சல் திருப்பி அனுப்பியிருக்கா."

"ஆமா. அப்பளம் நொறுங்கிப் போச்சாம்."

சட்டைப்பையிலிருந்து தபாலாபீஸ் ரசீதையும், நாங்கள் முதலில் சுற்றி அனுப்பிய துணியிலிருந்து கிழித்த தபால்தலைகளையும் எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தார். "இந்தத் தபால்தலை ரெண்டரைக் கிலோவுக்கு. அவ அனுப்புன ரசீது மூணரைக்கு. ஒரு கிலோ எங்க இருந்து வந்துச்சு?"

"நனைஞ்சிருந்துச்சு. வைக்கோலெல்லாம் தண்ணி குடிச்சுப் போச்சு."

அவர் சிரித்தார். "நனைஞ்ச அப்பளம் நொறுங்காதே. ஒட்டிக்கிடும்லா?"

உள்ளிருந்து கணவர் வந்தார். "அவதான் சொல்லிட்டாள்லா. கெளம்பும் வே."

அவர் கிளம்பினார். ஆனால் ஊரைவிட்டுப் போகவில்லை. மூன்று நாள் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று நாளில்தான் அவள் நாக்பூரில் ரயிலேறியிருக்கிறாள்.

அடுத்த வாரம் தாயுடன் வந்து நகை மூட்டையை வாங்கிக்கொண்டாள். மணிக்கட்டில் ஆறாத சூட்டுப் புண். நான் அதைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். திசையன்விளையில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்ததாகப் பிறகு கடிதம் வந்தது.

மறு வருஷம் அதே வெளுத்த சட்டை எங்கள் வாசலில் வந்து நின்றது. அரைக் கிலோ அப்பளம் கேட்டார். "பார்சலாப் போடுங்க. தபால் செலவு எவ்வளவு ஆகும்?" என்று ஒரு சீட்டை நீட்டினார். அவள் பெயர். திசையன்விளையில் அவள் குடியிருந்த தெரு. இடம் தெரிந்துவிட்டது என்று அவளுக்குக் காட்டத்தான் அந்தப் பார்சல்.

நிறுத்து, கட்டணம் சொல்லி வாங்கிக்கொண்டேன். அவர் தெருமுனை திரும்பியதும் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு திசையன்விளை பஸ்ஸுக்கு ஓடினார். அன்று சாயங்காலமே அவள் வீட்டைக் காலி செய்தாள்.

எந்த ஊருக்குப் போனாள் என்று கணவர் கேட்டுக்கொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை. தெரியாததை யாரும் எங்களிடமிருந்து வாங்க முடியாது.