தீனி யாருது?

எழுபதுகளில் தர்மபுரியில் கார் வைத்திருந்தவன் என்று சொன்னால் என்னைப் பெரிய புள்ளி என்று நினைத்துவிடுவீர்கள். நான் வைத்திருந்தது உரக்கடை. கார்தான் என்னை வைத்திருந்தது.

பெங்களூரை விட்டுக் கப்பலேறிய ஒரு துரையிடம் வாங்கியது. இரண்டே இருக்கை, கூரை கிடையாது, உட்கார்ந்தால் கை தரையைத் தொடும். சென்னைப் பக்கம் கைவிடப்பட்ட விமான ஓடுதளம் ஒன்றில் வருஷத்துக்கு ஓரிரு முறை பந்தயக்காரர்கள் கூடுவார்கள். பணம் கட்டினால் என்னைப் போன்ற சில்லறை ஆசாமிகளும் சுற்றிவரலாம். சுற்றினேன். தர்மபுரியில் ஒரு வருஷம் ஓட்டினாலும் தேயாத டயர் அங்கே ஒரே பிற்பகலில் வழுக்கையாகிவிடும். அப்புறம் கிளட்ச், பிரேக், பிளக். ஆயிலோ வடை சுட்ட எண்ணெய் மாதிரி, ஒருமுறை காய்ந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

வண்டியின் எடையைக் குறைத்தால் செலவும் குறையும் என்று ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படித்தேன். படிப்பு என்னை எப்போதும் இப்படித்தான் கெடுத்திருக்கிறது. பம்பரைக் கழற்றினேன், ஸ்டெப்னியைக் கழற்றினேன், கடைசியில் இடப்பக்கத்து இருக்கையையும் கழற்றினேன். கழற்றக் கொடுத்த கூலியில் ஒரு ஜோடி டயர் வாங்கியிருக்கலாம். இருக்கை வெளியே வந்த அன்று மனைவி நிலைப்படியில் நின்று கேட்டாள்: “ஏனுங்க, என்னையும் எடையில சேத்துட்டீங்களா?”

பெட்ரோல் விலை ஒரேயடியாக ஏறிய வருஷம் அது. ஆனி மாதம் பிறந்தும் கடையில் மூட்டை இல்லை. சரக்கு வாங்க வேண்டிய பணத்தைக் கார் குடித்திருந்தது.

“ஆடிப்பட்டத்துக்கு உரம் எறக்கலைன்னா வூட்டையும் கடையையும் பூட்டிட்டு அந்தக் காருலயே குடியிருக்கலாம்” என்றாள். “ஒரு சீட்டுதான் இருக்குது. யாரு உக்கார்றதுன்னு நீங்களே சொல்லிடுங்க.”

விற்றுவிடலாம் என்றால், விலை கேட்டு வந்தவர்கள் எல்லோரும் எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்டார்கள். ஒருவர் என்றதும் மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியில் கை கொடுத்தவர் எங்கள் கடையில் பிண்ணாக்கு வாங்கும் மாட்டுத் தரகர். அரூரில் பந்தலும் சீரியல் லைட்டும் வாடகைக்கு விடும் பாய் ஒருவர், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கூரையில்லாத வண்டி தேடுவதாகச் சொல்லி அவரையே அழைத்துவந்தார்.

தரகர் காரை ஒரு சுற்று வந்தார். பானெட்டைத் தடவினார். பின்பக்கம் குனிந்து பார்த்தார்.

“கெட்ட சுழி ஒண்ணும் இல்லீங்க. ஆனா எலும்பும் தோலுமா இருக்குது. வயித்துக்குப் போட்டீங்களா இல்லீங்களா?”

“நான்தாங்க காசு குடுத்து மெலிய வெச்சேன்.”

அவர் பாயைப் பார்த்தார். பாய் வானத்தைப் பார்த்தார்.

விலையைச் சந்தை முறைப்படி துண்டுக்கடியில் பேசினோம். தரகர் துண்டை விரித்து, என் கையை ஒரு முறை, பாய் கையை ஒரு முறை உள்ளே பிடித்து விரல்களை அழுத்தினார். வெளியே மூவரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பாதிப் பணம் இப்போது, மீதி பிற்பாடு என்று நின்றது. பாதியே கடைக்குப் போதும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தரகர் கேட்டார்: “தீனி யாருதுங்க?”

இத்தனை நாள் நான் போட்ட தீனியைப் பற்றி ஆறுதலாகக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

“என்னுதுதாங்க. வேற யாரு பாப்பாங்க?” என்றேன்.

“சரி, முடிஞ்சுது” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பாதிப் பணத்துக்கு விற்ற மாட்டுக்கு, மீதி தீரும்வரை தீனிச் செலவு யாருடையது என்று பேசிக்கொள்வது சந்தை வழக்கமாம். மாட்டுக்குத் தீனி என்றால் வைக்கோல். காருக்கு என்றால் பெட்ரோல், ஆயில், கிளட்ச், டயர். துண்டு எடுத்த பிறகு பேச்சு மாறக்கூடாது. மனைவியிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் சிரித்தாள். நல்ல சிரிப்பு அல்ல.

உரம் இறங்கியது, ஆடிப்பட்டம் கடந்தது, ஆவணியில் முகூர்த்தங்கள் வந்தன. அந்தக் காரை ஓட்டத் தெரிந்தவன் ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான் என்பதால் ஓட்டவும் நானே போனேன். நான் இருக்கை கழற்றிய இடத்தில் பாய் ஒரு வெல்வெட் சிம்மாசனத்தை போல்ட் போட்டு இறுக்கியிருந்தார். பறப்பதற்காகச் செய்த எஞ்சின், நாதஸ்வரத்தின் பின்னால் ஊர்ந்தது. பிளக்கில் கரி பிடித்தது, ரேடியேட்டர் கொதித்தது, கிளட்ச் தீய்ந்து மல்லிகை வாசனையோடு கலந்தது. ஓடுதளத்தில்கூட அது அவ்வளவு தின்றதில்லை. கடைக் கல்லாவிலிருந்து மறுபடியும் பணம் கிளம்பியது. மனைவி கல்லாச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மீதிப் பணத்தைக் கேட்டால் பாய் பொய் சொல்லவில்லை: “குடுத்துடலாங்க. குடுத்துட்டா நீங்க வரமாட்டீங்களே.”

புரட்டாசிக்கு முந்திய கடைசி முகூர்த்தத்தில், அரூர் கடைவீதியின் நடுவில், பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றது. என் சட்டைப்பையில் வாங்கக் காசில்லை; கல்லாச் சாவி தர்மபுரியில் ஓர் இடுப்பில் இருந்தது. பாய் பின்னால் வந்து ஒரு கையால் தள்ளிப் பார்த்தார். வண்டி நகர்ந்தது. லைட்டு தூக்கி வந்தவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டார்.

“அடேயப்பா, பஞ்சாட்டம் இருக்குதே. இதுக்கு எதுக்குங்க தீனி?”

அன்றிலிருந்து எஞ்சினைக் கிளப்பவே இல்லை. லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்குவார்கள், இரண்டு பேர் தள்ளுவார்கள். கடை பிழைத்தது. நான் காசு கொடுத்துக் குறைத்த எடை முதல் முறையாக எனக்குச் செலவை மிச்சப்படுத்தியது. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா? மீதிப் பணம் வரும்வரை அதுவும் தீனியில் சேர்த்தி என்று தரகர் தீர்ப்பு சொல்லிவிட்டார். முகூர்த்தம் தவறாமல் போய் உட்கார்ந்தேன். முன்னால் தவில், பக்கத்தில் என் தலைக்கு மேலே மாப்பிள்ளை.

ஒரு மாப்பிள்ளை குனிந்து கேட்டான்: “ஏனுங்ணா, இது எவ்வளவு வேகம் போகுங்க?”

“அது தவில்காரர் கையில இருக்குதுங்க” என்றேன்.