மூன்றாவது பின்னை வெட்ட மாட்டேன்

ஆடியோ சர்வீஸ் வேலையில் பெட்டிக்குள் இருக்கும் கோளாறைக் கண்டுபிடிப்பது சுலபம், கோளாறு உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு மரியாதையோடு வெளியே வருவதுதான் கஷ்டம்.

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஹோம் தியேட்டர், ஆம்ப்ளிஃபயர், மைக் செட் என்று பாடுகிற பெட்டி எல்லாவற்றையும் பழுது பார்க்கிறவள் நான். தில்லைநகரில் ஒரு ஷோரூம் விற்கிற சாமான்களுக்கு வீடு தேடிப் போய் சர்வீஸ் செய்துகொண்டிருந்தேன். என் பிழைப்பில் முக்கால்வாசி அந்தக் கடையை நம்பித்தான் இருந்தது. கதவைத் திறக்கிறவர்கள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் வரலையா?" என்பார்கள். அந்த சார் இதுவரை வரவில்லை, இனியும் வரமாட்டார். வீடு வீடாகப் போய் வேலை பார்க்கிற உங்களுக்கும் இதெல்லாம் நடந்திருக்கும் என்ற தைரியத்தில்தான் சொல்கிறேன்.

மாமியின் வலது கை

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு வீடு. காலையில் பாசுரம் போட்டால் கூடவே 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். ஷோரூமில் ஒருமுறை பெட்டியையே மாற்றிக் கொடுத்தும் போகவில்லை. நான் உள்ளே போனபோது அந்த வீட்டு மாமி ஆம்ப்ளிஃபயர் மேல் வலது கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். "கையை வெச்சா வாயை மூடிக்கறது, எடுத்தா ஆரம்பிச்சுடறதும்மா" என்றார். பாசுரம் முடியும்வரை தினமும் அப்படித்தான் நிற்பாராம். மாமாவுக்குக் காபி ஆற்றிக் கொடுப்பதுகூட அதற்குப் பிறகுதான்.

பிளக் மாட்டும் சாக்கெட்டைக் கழற்றினேன். வெளியே மூன்று துளை, உள்ளே இரண்டே கம்பி. எர்த் கம்பி இருக்க வேண்டிய பெரிய துளைக்குப் பின்னால் வெறும் ஒட்டடை. பெட்டியில் கசிகிற கரன்ட் பூமிக்குப் போக வேறு வழியில்லாமல், மாமி வழியாகப் போய்க்கொண்டிருந்தது. கொல்லையில் எர்த் குழி தோண்டிக் கம்பி இழுக்கும்வரை இந்தப் பெட்டியைப் போடக் கூடாது என்றேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சுவரெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, மூன்றாவது பெட்டியைக் கொண்டுவா என்றார். முப்பதாவது பெட்டி வந்தாலும் மாமிதான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று நானும் குரலை உயர்த்தினேன். மாமி தன் உள்ளங்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"அப்போ இத்தனை நாளா நான்தான் அந்த மூணாவது கம்பியா?"

கரன்ட் போனால் கத்தும் பெட்டி

மலைக்கோட்டை அடிவாரத்துச் சந்தில், கீழே ஜவுளிக்கடை, மேலே வீடு. கரன்ட் போய் இன்வெர்ட்டர் ஓட ஆரம்பித்ததும் ஸ்பீக்கர் 'கர்ர்ர்' என்று கத்துகிறது என்று முதலாளி கூப்பிட்டார். அவர் வாங்கியிருந்தது மலிவான இன்வெர்ட்டர். ஃபேனும் லைட்டும் ஓட்டும், ஆனால் அதிலிருந்து வரும் கரன்ட் பாட்டுக்கு ஆகாது. ஸ்பீக்கருக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்து அடைத்துவிடுங்களேன் என்றார். மாட்டேன், நல்ல இன்வெர்ட்டர் வாங்குங்கள், இல்லாவிட்டால் கரன்ட் வரும்வரை பாட்டை நிறுத்தி வையுங்கள் என்றேன். அவர் இரண்டையும் செய்யவில்லை.

"கரன்ட் போனா வீட்டுல எல்லாரும்தான் கத்துறோம், அது மட்டும் ஏன் மேடம் சும்மா இருக்கணும்?"

அஞ்சு நிமிஷ வேலை

அதே ஷோரூமுக்கு என்னைப் போலவே சர்வீஸ் பார்த்தவர் செல்வம். நல்ல கைவேலைக்காரர், அதை மறுக்க மாட்டேன். ஆனால் இரைச்சல் என்று புகார் வந்தால் அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே மாட்டார், நேராகக் கட்டிங் பிளேயரை எடுப்பார். பிளக்கில் தடியாக இருக்கும் மூன்றாவது பின், அதாவது எர்த் பின், ஒரே நறுக்கில் போய்விடும். பல வீடுகளில் இரைச்சலும் அத்தோடு போய்விடும். வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். பெட்டிக்குள் ஒரு கம்பி பிய்ந்து அதன் இரும்பு உடம்பில் பட்டால் கரன்ட் போக வழியிருக்காது, தொடுகிற ஆள் மேல்தான் பாயும் என்பதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

இரண்டு சாமான்களின் பிளக்கை இரண்டு சுவரில் மாட்டினால் இரண்டு எர்த்துக்கும் நடுவே கரன்ட் சுற்றி இரைச்சல் வரும், ஒரே போர்டுக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் அடங்கும். அதற்கு ஒயர் இழுக்க வேண்டும், பீரோவை நகர்த்த வேண்டும், வீட்டுக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டும். எனக்கு அரை நாள் ஆகும். இதை வைத்துச் செல்வத்திடம் ஒருநாள் சண்டையே போட்டேன். அவர் சிரித்தார்.

"நீங்க ஒரு வீட்டு பீரோவை நகர்த்தி முடிக்கறதுக்குள்ள நான் நாலு வீடு முடிச்சிட்டு டீயும் குடிச்சிடுவேன் மேடம்."

செருப்பு போட்டுக்கொண்டு பாடும் குழு

மேலப்புதூரில் ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக் கூடத்தில் மாதா கோயில் திருவிழாவுக்குப் பாட்டு ஒத்திகை. பதினான்கு பிள்ளைகள். பழைய மைக் 'சரியில்லை', புதிதாக ஒன்று வேண்டும் என்று கடைக்குப் போன் செய்திருந்தார். நான் போய்ப் பார்த்தால் வீட்டுக்குள் அத்தனை பிள்ளைகள் காலிலும் ரப்பர் செருப்பு. செருப்பை மறந்துவிட்டு வந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் மணைப்பலகை போட்டு அதன் மேல் நிற்க வைத்திருந்தார்கள். மைக் தலையில் பஞ்சு உறை.

"வெறுங்காலோட நின்னா உதட்டுல சுர்ருங்குதும்மா. செருப்பு போட்டா ஒண்ணும் செய்யாதுன்னு இரைச்சலைச் சரிபண்ண வந்த உங்க கடை ஆளுதான் சொல்லிட்டுப் போனாரு" என்றார் டீச்சர். ஆம்ப்ளிஃபயர் பிளக்கை உருவினேன். இரண்டே பின். மூன்றாவது இருந்த இடத்தில் நறுக்கிய வெட்டு. டீச்சரின் கணவர், "இரைச்சல் இல்லாம நல்லாத்தானே பாடுது. திருவிழா முடியட்டும்ங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். கரன்டுக்குத் திருவிழா தெரியாது என்று சொல்லிவிட்டு, பவர் கார்டையே கழற்றி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்கள், அவர்களுக்கும் காட்டுகிறேன் என்றேன்.

சண்டை ஓயட்டும் என்று ஒரே ஒருமுறை, பிள்ளைகளை எல்லாம் வாசலுக்கு அனுப்பிவிட்டு, கார்டை மாட்டி, பஞ்சு உறையைக் கழற்றி, மைக் வலை மேல் டெஸ்டரை வைத்தேன். டெஸ்டர் எரிந்தது. கணவர் தானே போய் சுவிட்சை அணைத்தார். அன்று சாயங்காலம்வரை இருந்து புது பிளக் போட்டு, கீபோர்டையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே போர்டுக்குக் கொண்டுவந்தேன். பீரோவை அவரே நகர்த்திக் கொடுத்தார். கொஞ்சம் இரைச்சல் மிச்சம் இருந்தது, இருக்கட்டும் என்றார்கள். டீச்சர் மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு வாரமா என் பிள்ளைங்க அத்தனை பேர் வாய்க்கிட்டயும் நான்தாம்மா அதை நீட்டினேன்."

முதலாளியின் யோசனை

மறுநாள் ஷோரூம் முதலாளி என்னையும் செல்வத்தையும் கூப்பிட்டார். பின் வெட்டப்பட்டதை நான் டீச்சரிடம் சொல்லியிருக்கக் கூடாதாம். "போன் பண்ணி மைக்லதான் பழுதுன்னு சொல்லிடுங்க. கடை பேரு கெட்டுடும்ல?" என்றார் ரொம்பத் தன்மையாக. முடியாது என்றேன். இதுவரை வெட்டின வீடுகளுக்கெல்லாம் போய்ப் புது பிளக் போட்டுத் தர வேண்டும் என்றேன். அப்படியென்றால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார், அதையும் தன்மையாகவே. எனக்கு அழுகை வந்தது, அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள் செல்வத்திடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: உங்கள் வீட்டு ஹோம் தியேட்டரில் எத்தனை பின்? அவர் முதலாளியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"மூணுதான் மேடம்... வீட்டுல குழந்தைங்க இருக்காங்கல்ல."

இப்போது தனியாகத்தான் அலைகிறேன், பீரோவை நகர்த்தச் சொன்னதற்காகவும் மிச்சமிருக்கும் இரைச்சலுக்காகவும் திட்டாத வாடிக்கையாளரே இல்லை, ஆனால் திட்டுவதற்கு அத்தனை பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.