அண்ணன் தடுக்காத அடி

செஞ்சிக் கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் நைனாவுக்குப் புத்தி தடுமாறி, பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் போனது. அப்போது என் அண்ணன் கோட்டை அடிவாரத்தில் சிலம்பம் பழகி வந்தார். நாலு பேர் சேர்ந்து கம்பு வீசினாலும் அவர்மேல் ஓர் அடி விழாது. கோபத்தில் யாரையும் அடிப்பதில்லை என்று மண்ணைத் தொட்டுச் சத்தியம் வாங்கிய பிறகுதான் அங்கே கம்பைக் கையில் கொடுத்தார்களாம்.

ஒரு நாள் மத்தியானம் நைனா, அண்ணன் வீட்டில் வைத்திருந்த கம்பை எடுத்து அம்மாவை அடிக்க ஓங்கினார். அண்ணன் ஓடிவந்து குறுக்கே நின்றார். நான் அம்மாவைச் சுவரோரம் இழுத்து அணைத்துக்கொண்டேன்.

"யார்றா நீ? என் வூட்ல உனக்கு இன்னா வேல?" என்று கேட்டபடியே நைனா அடித்தார். அண்ணன் முதுகைக் கொடுத்தார்.

"கம்பப் புடுங்குண்ணா," என்று கெஞ்சினேன்.

"எனக்குத் தெரிஞ்சது முறுக்கிப் புடுங்கறதுதான். அவரு வெரலு ஒடிஞ்சிடும்."

அன்றைக்கே அண்ணன் கம்புகளை வீட்டிலிருந்து எடுத்துப் போய்விட்டார். ஆனாலும் அடி நிற்கவில்லை. நைனா விறகை எடுத்தார், அரிசி அளக்கும் படியை எடுத்தார். அவர் படுத்த படுக்கையாகும்வரை அண்ணன் குறுக்கே நின்றுகொண்டேதான் இருந்தார்.

ஒருமுறை அந்த முதுகில் எண்ணெய் தடவும்போது அம்மா கேட்டாள்: "இதுக்காடா சிலம்பம் கத்துகிட்ட?"

"கத்துக்கலன்னா திருப்பி அடிச்சிருப்பேம்மா," என்றார்.

அம்மாவுக்கு அழுகை நிற்கவில்லை.