யோகேஸ்வரியின் வலது கை

யோகேஸ்வரியை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும்தான். தண்ணீர்ப் பீலியில் குடத்தை முந்தி வைத்தால் சண்டை, லயத்து வீட்டு வாசலில் துணி காயப்போட்டால் சண்டை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள்; அவள் வாய் அவளுக்குப் பகையைத்தான் சேர்த்தது. ஆனால் கொழுந்து எடுப்பதில் தலவாக்கலைப் பக்கம் அவளுக்கு ஈடு கிடையாது. இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்யும். நாங்கள் ஒரு நிரை முடிப்பதற்குள் அடுத்த நிரையின் பாதியில் நின்று எங்களைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

பதினெட்டு வயதில் தலையில் கயிறு மாட்டினவளுக்கு இப்போது நாற்பத்தாறு. கொழுந்துப் பை முதுகில் தொங்கும், அதன் கயிறு உச்சந்தலையில் இருக்கும். நிறைந்தால் பதினைந்து கிலோ, மழை நாளென்றால் இன்னும் கூட. அத்தனையையும் கழுத்துதான் தாங்க வேண்டும். போன வருடம் அவளுடைய வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. கொழுந்தைக் கிள்ளுகிற விரல்களே அவைதான். தேத்தண்ணிக் கோப்பை கை நழுவி என் காலடியில் உடைந்த அன்று, "என்னடி பாக்குற?" என்று என் மேலேயே பாய்ந்தாள். மறுநாள் அவளே வந்து, ஆஸ்பத்திரிக்குத் துணைக்குக் கூப்பிட்டாள்.

அங்கே பிசியோ பார்க்கிற நிலக்ஷி மிஸ் ஹட்டன் பிள்ளை. நம் பேச்சிலேயே சொன்னார்.

"கையில ஒன்னும் இல்லங்கம்மா, கழுத்துல நரம்பு நசுங்குது. மொதல்ல தலையில கயிறு போடுறத நிப்பாட்டுங்க. ரெண்டு தோள்லயும் மாட்டுற மாதிரி வார் தச்சுக்கோங்க. பை பாதி நெறஞ்சதும் கொட்டிருங்க. தூக்கும்போது முதுக வளைக்காம, முழங்கால மடக்கி, பைய ஒடம்போட ஒட்டித் தூக்குங்க. அரமணிக்கு ஒருக்கா நிமிந்து நின்னு தோள பின்னால இழுத்து, கைய மேல தூக்கி எறக்குங்க. மரத்துப்போனா வேலைய நிப்பாட்டணும், பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்கக் கூடாது."

அதையே ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். கயிறு போடக் கூடாது என்ற முதல் வரிக்குக் கீழே இரண்டு கோடு. "இத விடலேன்னா கையவே தூக்க முடியாமப் போயிரும்" என்றார்.

யோகேஸ்வரி பழைய பள்ளிக்கூடப் பையின் வார்களை அறுத்துக் கொழுந்துப் பையில் தைத்தாள். பத்தே நாளில் மரமரப்பு குறைந்தது. அதற்குள் வீரபத்திரன் கங்காணிக்குக் கண் உறுத்திவிட்டது.

"என்னா, இந்த வயசுல பள்ளிக்கூடம் போறியா?"

நாங்கள் சிரித்தோம். சிரிக்க என்ன இருந்தது என்று இன்றைக்கு யோசித்தால் எனக்கே என்மேல் ஆத்திரம் வருகிறது.

பை பாதி நிறைந்ததும் அவள் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு இறங்குவாள். நேரம் வராமல் தராசைத் தொட மாட்டோம் என்பார்கள். சரியென்று படங்குச் சாக்கை விரித்துக் கொட்டி வைத்தால், தரையில் கிடந்த கொழுந்து வேண்டாம் என்று மலையை மேற்பார்க்கிற கண்டாக்கு காலால் தள்ளினார். அவள் விடவில்லை.

"நேரங்கெட்டு நிறுத்தா ஒங்க தராசுக்கு நோகுமா? எனக்குக் கழுத்து நோகுதுங்க."

"முடியலேன்னா பேர வெட்டிக்கிட்டு லயத்துல போய் குந்து" என்றார் வீரபத்திரன்.

நாற்பது பொம்பளைகள் நின்றோம். கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம். நாலாம் நாள் அவள் மறுபடி தலையில் கயிற்றை மாட்டினாள்.

சில மாதம் கழித்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் ஒரு பெரிய பலகை நட்டார்கள். தேயிலை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் தொழிலாளியின் உடம்பைப் பற்றிக் கேட்டார்களாம். யோகேஸ்வரியிடம் தாளை வாங்கிப் போய்ப் படம் வரைந்து வைத்திருந்தார்கள். முழங்காலை மடக்கு, நிமிர்ந்து நில், தோளை இழு, கையைத் தூக்கு. இதெல்லாம் இருந்தது; கயிறு போடாதே என்ற முதல் வரியையும், பாதிப் பையில் கொட்டு என்றதையும் காணோம். காலையில் பத்து நிமிடம் கழுத்தை ஆட்டிவிட்டு, அதே கழுத்தில் பதினைந்து கிலோவைத் தொங்கவிடப் போனோம். தலையணையை மாற்றினால் தலைவலி போகுமா?

ஒருநாள் கொழும்பிலிருந்து படம் எடுக்க வந்தார்கள். "எல்லாரும் ரெண்டு கையையும் மேல தூக்குங்க." தூக்கினோம். முன்வரிசையில் யோகேஸ்வரியின் இடது கை மேலே போனது, வலது கை தோளோடு நின்றுவிட்டது.

"ஏ யோகேசு, தூக்கு!"

"வரலங்க."

படம் முடியாமல் மலைக்கு விட மாட்டார்கள். மணி ஏழரை தாண்டிவிட்டது, மழையும் இருட்டிக்கொண்டு வந்தது. கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான் விழும், பாதி நாள் சம்பளம். "இவளால எங்களுக்கும் சேத்து அரப்பேரா?" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். நானும் கத்தினேன்.

வீரபத்திரன் என் பக்கத்தில் வந்தார். "தனுஜா, நீ பின்னால நின்னு அவ முழங்கையப் புடிச்சுத் தூக்கு. ஒம் மூஞ்சி தெரியாது."

நான் பிடித்தேன். "வேணாண்டி" என்றாள் யோகேஸ்வரி. அவள் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. தூக்கினேன். அவள் பல்லைக் கடித்தது என் காதில் விழுந்தது. படம் எடுத்தாயிற்று, எல்லோரும் மலைக்கு ஓடினோம்.

இரண்டு மாதத்தில் அவளால் கிள்ளவே முடியாமல் போனது. நாற்றுத் தவறணையில், கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிற பாரமில்லாத வேலை கேட்டு ஆபீசுக்குப் போனாள். மிஸ் கொடுத்த கடிதத்தைத் தூக்க நான் கூடப் போனேன். மேனேஜர் தொரை கடிதத்தைப் பிரிக்கவில்லை. சுவரைக் காட்டினார். அங்கே அந்தப் படம், கண்ணாடி போட்டு.

"கை நல்லா தூக்கியிருக்குதானே? என்ன சும்மா பொய் சொல்றது?"

யோகேஸ்வரி படத்தைப் பார்த்தாள். என் பெயரைச் சொல்லவில்லை. என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. படத்துக்குப் பக்கத்தில் போய், அவள் முழங்கைக்குக் கீழே விரலை வைத்தேன்.

"தொர, இங்க நாலு விரல் தெரியுது பாருங்க. அது எங் கை. அவ தூக்கல."

தொரை எழுந்து வந்து பார்த்தார். "யார் தூக்கச் சொன்னது?"

வீரபத்திரன் வாசலில்தான் நின்றார். நான் திரும்பி நேராக அவரைக் காட்டினேன். "இந்தக் கங்காணிதாங்க சொன்னாரு."

"அவரு சொன்னாரு" என்றாள் யோகேஸ்வரி, என்னைப் பார்த்து. "தூக்குனது நீ."