பீரோவைக் கடைசியா ஏத்துன வால்காரர்

பிக்கப் வண்டியில டிரெயிலரைக் கட்டி இழுக்குறதுதான் பொழப்புங்கிறதால அவருக்கு வால்காரர்னு பேரு. எங்க போய் உக்காந்தாலும் ஒரே பேச்சு: "கனமானத சக்கர அச்சுக்கு முன்னால ஏத்து. பின்னால ஏத்துனா வால் ஆடும். வால் ஆடினா தலையும் போகும்." பக்கத்துல இருக்கிறவன் போன் வந்த மாதிரி எந்திரிச்சுப் போயிருவான். இருபத்திரண்டு வருசம் எந்திரிக்காமக் கேட்டது அவரு பொண்டாட்டி மட்டுந்தான். போன மாசம் அவளும் எந்திரிச்சு அக்கா வீட்டுக்குப் போயிட்டா. "உங்க வாயில கொக்கி, சங்கிலியத் தவிர வேற வார்த்தையே வராதா?"ன்னு கேட்டுட்டுப் போனாளாம். தெருவும் வேற காரணம் தேடிப் பாத்துச்சு, ஒண்ணும் தேறல.

இப்ப பீரோவையும் துணிமணியையும் கொண்டுவரச் சொல்லி அனுப்பியிருந்தா. நேர்ல போனா "வந்துரு"ன்னு ஒரு வார்த்தை சொல்லிரலாம்னு இவரும் கிளம்புனாரு.

மூட்டை, தலகாணி எல்லாம் ஏத்தியாச்சு. பீரோகிட்ட மட்டும் கை போகல. அது போனா வீடு நெசமாவே காலி. கடைசியில பக்கத்து வீட்டு ஆளுங்க ரெண்டு பேரு வந்து அத டிரெயிலரோட பின்கோடியில ஏத்தித் தள்ளிட்டுப் போனாங்க. கொக்கி, சங்கிலி மாட்டியாச்சு. பின்னால நின்னு "எரியுது"ன்னு சொல்ல அவ இல்லாததால, பிரேக் மிதியில செங்கல்ல வச்சுட்டு இவரே ஓடிப்போய்ப் பிரேக் லைட்டப் பாத்தாரு.

இறக்கத்துல வால் ஆடுச்சு. கண்ணாடியில பீரோ இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம் எட்டிப் பாத்துச்சு. பிரேக்குக்குப் பரபரத்த கால அடக்கி, ஆக்சிலேட்டர விட்டு, ஸ்டியரிங்க நேராப் பிடிச்சாரு. தானா அடங்குச்சு. ஓரங்கட்டி, மூட்டையெல்லாம் ரோட்டுல எறக்கி, பீரோவுக்கு அடியில அவளோட போர்வையப் போட்டுத் தனியா முன்னால இழுத்தாரு. போய்ச் சேரச் சாயங்காலம் ஆயிருச்சு.

பீரோவுக்கு அடியில இழுபட்டு அழுக்கான போர்வைய அவ பாத்தா. "பீரோவக் கடைசியாவா ஏத்துனீங்க? நீங்களா?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாயத் தொறந்தாரு.

"வாசல் சரிவா இருக்கு. சக்கரத்துக்குக் கல்லு வைக்கணும்."

கல்லத் தூக்கிட்டு வந்து அவளே வச்சா.

சாமான் எறக்கிக் கிளம்புறப்போ, யாரும் கேக்காமலே டிரெயிலருக்குப் பின்னால போய் நின்னா. "எரியுது"ன்னா. அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் பிரேக்கிலிருந்து கால எடுக்கல அவரு.

காலி டிரெயிலரு வழியெல்லாம் குதிச்சுக் குதிச்சு, தடதடன்னு வந்துச்சு. அந்தச் சத்தத்துக்கு நடுவுல "வந்துரு"ன்னு நாலஞ்சு தரம் சொல்லிப் பாத்தாரு. இப்ப நல்லாவே வந்துச்சு.