தீர்ந்த பேட்டரியில் ஒரு ராஜநடை

வெயிலில் காய்ந்த பேட்டரியைத் தொட்டால் உள்ளங்கையில் சூடு ஏறும், விரலில் துருவாடை ஒட்டிக்கொள்ளும். தொண்ணூறுகளின் நடுவில், யாங்கூனில் அலோன் துறைப்பக்கம் நாங்கள் குடியிருந்த மூன்றாம் மாடியில், எங்கள் டேப் ரிக்கார்டரின் பேட்டரிகள் பால்கனிக் கம்பியோரம் துணிமணிகளோடு சேர்ந்து தினமும் வெயில் காய்ந்தன. கரண்டு ஏறி இறங்கியதில் வயர் கருகிப்போய், அந்தப் பெட்டி பேட்டரியில்தான் பாடும். புதுசு வாங்குவது அப்பாவுக்கு ஊதாரித்தனம்.

அந்த வருஷ மழைக்காலத்தில் அம்மாவுக்கு வாதம் வந்து இடது கால் விழுந்துவிட்டது. எஸ்தர் அக்காவின் கல்யாணத்தைக் கிறிஸ்துமஸ் கழிந்து வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்திருந்த நேரம். "நாற்காலியில தூக்கிட்டுப் போறதா இருந்தா நா கோயிலுக்கே வரல. நடந்து வந்துதான் எம் பொண்ணு கல்யாணத்தப் பாப்பேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான், அவளை அசைக்க அப்பாவாலும் ஆகாது.

அப்பா துறைமுகக் கிடங்கில் குமாஸ்தா. நடைபாதைக் கடையில் பழைய இங்கிலீஷ் நாவல் வாங்கிப் படிப்பதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் இல்லாதவர். அவர் படித்த ஒரு விஞ்ஞானக் கதையில், தலைமுறை தலைமுறையாக விண்கலத்தில் மிதந்து மிதந்து நடக்கவே மறந்துபோன ஜனங்கள் ஒரு புதுக் கிரகத்தில் இறங்குகிறார்கள். பழைய ஐரோப்பிய அரண்மனைகளில் ஆடிய 'பவான்' என்ற நடனத்தை ஆடித்தான் மறுபடி நடக்கப் பழகுகிறார்கள். ஆட்டம் என்று பெயரே தவிர, அது ஒரு ஊர்வலம்: ஓரடி வை, நில், மறுகாலைச் சேர். அந்த நடைக்குப் பிற்கால இசைமேதை ஒருவர் எழுதிய இசை அப்பாவிடமிருந்த கேசட்டிலும் இருக்கவே, அவருக்குப் பொறி தட்டிவிட்டது.

"கோயில்ல பாட்டுப் பாடுறவ வீட்ல டான்ஸ் ஆடுறான்னு ஊரு சிரிக்கவா?" என்றாள் அம்மா.

"டான்ஸ் இல்ல மேரி, நடைதான். ராஜா ராணியெல்லாம் நடந்த நடை" என்று அப்பா கையை நீட்டினார்.

அதன்பின் சாயங்காலம் தோறும் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இருவரும் ராஜநடை நடந்தார்கள். வெயில் காய்ந்து கொஞ்சம் உயிர்பிடித்த பேட்டரியில் டேப் முக்கி முனகி ஓடும். அந்த இசையே அவ்வளவு மெதுவானது என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். அம்மாவின் இடது கால் தரையில் இழுபட்டு வந்து சேர்வதற்கும் அடுத்த சுரம் விழுவதற்கும் சரியாக இருக்கும். நடுவில் விளக்கு வந்துவிட்டால் தெருவே "மீ லாபி!", கரண்டு வந்தாச்சு, என்று பர்மியில் கூச்சல் போடும், அதற்கும் அவர்கள் நிற்க மாட்டார்கள். டிசம்பரில் ஒருநாள் அம்மா கட்டிலைப் பிடிக்காமல், அப்பாவின் கையை மட்டும் பிடித்து அறையைக் கடந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கல்யாணத்தன்று அம்மா அப்பாவின் கைபிடித்து முன்வரிசை பெஞ்சு வரை நடப்பது, பிறகு அக்கா வருவது என்று ஏற்பாடு. டேப்பைப் பீடத்தருகே வைத்திருந்தோம். நல்ல காரியமாயிற்றே என்று அப்பா என்றுமில்லாத தாராளத்தோடு அதில் புதுப் பேட்டரி போட்டிருந்தார். போதகர் பட்டனை அழுத்தியதும் இசை விறுவிறுவென்று கிளம்பிவிட்டது. அது எங்கள் இசையே இல்லை. அம்மா ஓரடி வைத்துத் தடுமாறி வாசலிலேயே நின்றாள். யாரோ அவசரமாக ஒரு நாற்காலியைத் தூக்கி வந்தார்கள். அதைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிப்போயிற்று.

அப்பா கையை உயர்த்தி டேப்பை நிறுத்தச் சொன்னார். ஞானப்பாட்டுக்குக்கூட உதடு அசைக்காத அந்த மனுஷர், கோயில் முழுக்கக் கேட்கும்படி அந்த மெட்டை முனக ஆரம்பித்தார், தீர்ந்த பேட்டரியின் அதே வேகத்தில். அம்மா இடது காலை இழுத்துச் சேர்த்தாள். அடுத்த அடி வைத்தாள். அவர்கள் பெஞ்சுக்கு வந்து சேரும்வரை அப்பா முனகலை நிறுத்தவில்லை. உட்கார்ந்ததும் அம்மா முதலில் சொன்னது, "சுதி சேரலீங்க" என்பதுதான்.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது உயரமான கட்டடம் நிற்கிறது; பேட்டரியை வெயிலில் காயவைப்பாரும் இல்லை. அம்மாவும் அப்பாவும் ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் ஊரில், அக்கா வீட்டுக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடுத்தடுத்து இருக்கிறார்கள். தமிழைவிடப் பர்மியே சரளமாக வரும் என் மகன் அந்த இசையைச் சிடியில் போட்டு, இதுதான் சரியான வேகம் என்கிறான். கேட்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வேகத்தில் போனால் அம்மா பின்தங்கிவிடுவாள்.